கறுப்புக் கோட்டு எங்கே தைப்பது?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகள் வக்கீலுக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். நல்ல சட்டக் கல்லூரியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், எடப்பாடி

பதில்: சென்னைக்கு ரயில் ஏற்றுவது கட்டாயமல்ல. சேலத்தில் மத்திய சட்டக் கல்லூரி 1984 முதலே இருக்கிறது. எடப்பாடிக்காரர் முதல்வராக இருந்த 2019-இல் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன.

எங்கே சேர்த்தாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் பயிற்சிக்குப் போயாக வேண்டும். மாதிரி நீதிமன்றம், பிராது எழுதுவது, ஒரு சிவில், ஒரு கிரிமினல் வழக்கின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பது எல்லாமே பாடம்தான். ஏட்டில் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. நடக்கிறதா என்பதுதான் விஷயம். தறியில் உட்காராமல் நெசவு வருமா?

ஆகவே முதல்வர் அறைக்குப் போகுமுன் கேன்டீனுக்குப் போங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், அவரே எழுதிய பிராதைக் காட்டச் சொல்லுங்கள். அவர் திருதிருவென விழித்தால் விண்ணப்பப் பணம் மிச்சம்!

மகளுக்கு நீதிபதி கனவும் உண்டா? சிவில் நீதிபதித் தேர்வெழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.