பன்னிரண்டாவது ஆளுக்கு ஒரு மெமோ

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தோற்ற மறுநாள் உட்காரும் விசாரணைக் கமிஷனைத்தான் பொறுக்க முடியவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் 2024-25 பிரீமியர் லீக் பருவத்தில் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஆடிய 19 ஆட்டங்களில் ஒன்பதில் தோற்றது. செப்டம்பரில் லிவர்பூல் வந்து மூன்று கோல் போட்டது. அதே மாதம் டாட்டன்ஹாமும் வந்து மூன்று போட்டது. டிசம்பரில் போர்ன்மத் வந்து மூன்று போட்டது. முந்தின வருஷ டிசம்பரிலும் இதே மூன்றைப் போட்டுவிட்டுப் போன அணி என்பதால் அதற்கு வழி தெரிந்திருந்தது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், நியூகாசில், பிரைட்டன், கிரிஸ்டல் பேலஸ், வுல்வ்ஸ் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மே 11-ஆம் தேதி வெஸ்ட் ஹாம் வந்து 2-0 என்று கணக்கை முடித்துவைத்தது. இருபது அணிகளில் பதினைந்தாவது இடம், 42 புள்ளிகள். ஒன்பது முறையும் கமிஷன் கூடியது, ஒன்பது முறையும் குற்றவாளி பிடிபட்டார். ஒரு வாரம் கோல்கீப்பர். ஒரு வாரம் கோச் எரிக் டென் ஹாக். அவரை அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரூபன் அமோரிமைக் கூட்டிவந்த பிறகு அமோரிம். அமோரிமைத் திட்டி அலுத்த வாரங்களில் அவருடைய மூன்று பேர் தடுப்பு வரிசை. வேறு யாரும் கையில் சிக்காதபோது ரெஃப்ரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரிக்கவும் முடியாது, ஏனென்றால் ஓல்ட் டிராஃபோர்டில் கூடம் நிஜமாகவே ஒழுகுகிறது. 2024 மே மாதம் ஆர்சனலிடம் 1-0 என்று தோற்ற அன்று மழைத் தண்ணீர் கூரையிலிருந்து அருவி மாதிரி கொட்டியதை உலகமே பார்த்தது.

இந்தத் தோல்விகளுக்கு என்னிடமும் ஒரு காரணம் இருக்கிறது. நடுக்களத்தைப் பற்றியது, நன்றாக யோசித்து வைத்திருக்கிறேன், இன்னொரு நாள் சொல்கிறேன். அதற்கு முன், கமிஷன் இன்றுவரை ஒரு சம்மன்கூட அனுப்பாத ஆசாமி ஒருவர் இருக்கிறார். ஜெயித்தால் முதல் வரிசையில் நிற்பார். 2025 ஏப்ரல் 17 அன்று யூரோப்பா லீக் கால் இறுதியில் லியான் அணியிடம் கூடுதல் நேரத்தில் 2-4 என்று பின்தங்கிக் கிடந்த யுனைடெட், 114-ஆம் நிமிடத்தில் பிரூனோ பெர்னாண்டஸின் பெனால்டி, 120-இல் கோபி மைனூ, 121-இல் ஹாரி மக்வாயர் என்று ஏழு நிமிடத்துக்குள் மூன்று போட்டு 5-4 என்று ஜெயித்ததே, அன்று இரவு அந்த வெற்றியில் பாதியை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது ஆள். மைதானத்தில் உட்கார்ந்து கத்தும் ரசிகர். பேயர்ன் மியூனிக்கில் 12-ஆம் எண் சட்டையை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுப்பதில்லை, அது ரசிகர்களுக்கு என்று ஒதுக்கியே விட்டார்கள். எல்லாம் சரி. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் வுல்வ்ஸிடம் 1-0 என்று தோற்றபோது அந்தப் பன்னிரண்டாவது ஆள் எங்கே போனார்? ஓர் அறிக்கையிலும் பெயர் இல்லை. தோற்றதெல்லாம் மற்ற பதினோரு பேர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இன்னொரு கூட்டத்தை நான் அறியேன்.

ஆட்டக்காரர்தான் என்கிறார்களா, அப்படியானால் ஆட்டக்காரருக்கு உண்டான மரியாதை அத்தனையையும் கொடுத்துவிடுவோம். மறுநாள் பத்திரிகையில் பத்துக்கு இத்தனை என்று ஒவ்வொருவருக்கும் மார்க் போடுகிறார்களே, அதில் கடைசி வரியாக இவருக்கும் போடட்டும்: முதல் இருபது நிமிடம் குரல் நன்றாக இருந்தது, எதிரணி கோல் போட்டதும் காணாமல் போனார், பத்துக்கு மூன்று. உடல்தகுதி மோசம், ஸ்கோர் 0-2 என்று ஆனால் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் இவருடைய கால்கள் தாமாகவே டிராம் நிறுத்தத்தை நோக்கி இழுக்கின்றன. மற்றவர்களை மாற்ற நான்காவது நடுவர் எண் பலகையைத் தூக்க வேண்டும். இவர் பலகைக்கெல்லாம் காத்திருப்பதில்லை, தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரே ஆட்டக்காரர் இவர்தான். முறைப்படி பலகையில் 12 என்று காட்டினார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுமார் எழுபத்துநாலாயிரம் பேர் வரிசையாக இறங்கி, நான்கு பக்கமும் கைதட்டிவிட்டு, கோச்சின் நீட்டிய கையைக் கண்டுகொள்ளாமல் போக வேண்டும். கடைசி ஆள் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பருவம் பிறந்துவிடும். பயிற்சிக்கு வருவதில்லை, செவ்வாய்க்கிழமை காலையில் கேரிங்டன் பயிற்சி மைதானத்தில் இவரை யாரும் பார்த்ததில்லை. வியூகத்திலும் இடமில்லை, அமோரிமின் 3-4-2-1-ஐக் கூட்டினால் பத்து, கோல்கீப்பரோடு பதினொன்று, இவரை இடப்பக்கம் நிறுத்துவதா வலப்பக்கமா என்று எந்தக் கோச்சும் யோசித்ததே இல்லை. பாஸ் கொடுப்பார், ஆனால் எதிரணிக்குத்தான்: நம் தடுப்பாட்டக்காரர் பந்தைக் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டும்போது இவர் விடும் அந்தப் பெருமூச்சு இருக்கிறதே, அதைக் கேட்டு அடுத்த பந்தைப் பதறிப்போய் எங்கேயோ உதைத்தவர்கள் எத்தனை பேர். விற்றுவிடலாமா என்றால் யார் வாங்குவார்கள்? மருத்துவப் பரிசோதனையில் ரத்தக் கொதிப்பைப் பார்த்ததும் ஒப்பந்தம் கிழிந்துவிடும். கடனுக்காவது அனுப்பலாம். யுனைடெட் அந்தப் பருவத்துக் குளிர்காலச் சந்தையில் தன் 12-ஆம் எண் சட்டைக்காரரை ஹாலந்தின் பிஎஸ்வி அணிக்குக் கடனாக அனுப்பியது. ஆனால் அது டைரல் மலாசியா என்ற பாவப்பட்ட தடுப்பாட்டக்காரர், நாம் சொல்லும் பன்னிரண்டு அசையாமல் இருக்கையிலேயே இருந்தார். ஒப்பந்தம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது, முறிக்க முடியாது. ஓய்வை மட்டும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அறிவிப்பார். இனிமேல் இந்த டீம் ஆடுவதைப் பார்த்தால் என்னைச் செருப்பால் அடி என்பார். அடுத்த சனிக்கிழமை ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு அதே இருக்கையில் இருப்பார். சம்பளமோ தலைகீழ், ஆடுவதற்குக் கையிலிருந்து பணம் கட்டுகிற ஆட்டக்காரர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான், அதுவும் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 66 பவுண்ட் வரை. ஆனால் பேட்டி? அதில் மற்ற பதினோரு பேரும் கிட்ட நெருங்க முடியாது. வாரம் ஏழு நாளும் பேட்டிதான்.

வெறும் வயிற்றெரிச்சலில் பேசுவதாக நினைக்க வேண்டாம், புள்ளிவிவரம் இருக்கிறது. 2020-21 பருவத்தில் கொரோனாவால் இங்கிலாந்து மைதானங்கள் கிட்டத்தட்ட முழுவதும் காலியாகக் கிடந்தன. அந்த வருஷம் பிரீமியர் லீக்கில் உள்ளூர் அணிகள் ஜெயித்தது 144 ஆட்டங்கள், விருந்தாளி அணிகள் ஜெயித்தது 153. இங்கிலாந்தின் முதல் நிலை லீக் வரலாற்றில் வெளியூர் வெற்றிகள் முந்தியது அதுவே முதல் தடவை. யுனைடெட் இரண்டாம் இடம் பிடித்தது. மொத்தம் ஆறு தோல்வி, ஆறும் ஓல்ட் டிராஃபோர்டில். வெளியூரில் 12 வெற்றி, 7 சமன், ஒரு தோல்விகூட இல்லை. இந்த இடத்தில் பன்னிரண்டாவது ஆள் எழுந்து நின்று, பார்த்தீர்களா, நாங்கள் இல்லாததால்தானே வீட்டில் தோற்றீர்கள் என்று நெஞ்சை நிமிர்த்துவார். ஒப்புக்கொள்கிறேன். அவருடைய வாதத்தை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் இல்லாதபோது ஆறு, நீங்கள் நிறைந்து வழிந்தபோது ஒன்பது. வராதது தோல்விக்குக் காரணம் என்றால் வந்தது மட்டும் எப்படிக் காரணம் ஆகாமல் போகும்? கூட்டத்துக்குச் சக்தியே கிடையாது என்று நான் சொன்னால் எல்லோரையும் விட்டுவிடலாம். சக்தி உண்டு என்று சொல்கிறவர் அவர். சக்தி இருக்கிற இடத்தில் பொறுப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிட முடியாது.

சக்தி உண்மையிலேயே இருக்கிறது, அது எங்கே வேலை செய்கிறது என்பதுதான் வேடிக்கை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், லிவர்பூலும் லெஸ்டர் சிட்டியும் ஆன்ஃபீல்டில் ஆடிய ஆட்டத்தின் பதிவை 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மறு பிரிவினருக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. ஆக, நம் ஆளின் கூச்சலால் கோலடிப்பவரின் கால் எவ்வளவு பலப்படுகிறதோ தெரியாது, நடுவரின் விசில் கொஞ்சம் தயங்குகிறது. பன்னிரண்டாவது ஆளின் உத்தியோகம் நடுவரை மிரட்டுவது. அந்த உத்தியோகத்துக்கும் 2019-இல் ஆபத்து வந்துவிட்டது. வீடியோ நடுவர்கள் லண்டனின் மேற்கு ஓரத்தில் ஸ்டாக்லி பார்க்கில் ஓர் அறையில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள், மான்செஸ்டரில் எழுபத்துநாலாயிரம் பேர் ஒன்றாகக் கத்தினாலும் அங்கே ஒரு டீ கிளாஸ்கூட அதிராது.

பணம் கட்டியவனுக்குத் திட்ட உரிமை இல்லையா என்பது அடுத்த கேள்வி. தாராளமாக உண்டு. குழந்தைக்கும் கிழவருக்கும் சலுகை கிடையாது, எல்லோருக்கும் 66 பவுண்ட் என்று 2024-25 பருவத்தின் நடுவில் விலையை ஏற்றிய நிர்வாகத்தை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் காசு கொடுத்துச் சரக்கு வாங்குபவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளராக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆட்டக்காரராக இருந்தால் தோல்வியில் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் சவுத்தாம்ப்டன் சொந்த மண்ணில், கொட்டும் மழையில், லெஸ்டரிடம் 9-0 என்று தோற்றது. 12-ஆம் நிமிடத்திலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கிப் போனதால் பத்துப் பேராக ஆடிய அணி. இடைவேளையில் ஸ்கோர் 5-0. பன்னிரண்டாவது ஆளில் கணிசமான பகுதி அப்போதே வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. மீதி நின்று ஆடித் தோற்றவர்கள் பிறகு அந்த நாள் சம்பளத்தை அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். பாதியில் எழுந்து போனவர் என்ன கொடுத்தார் என்று கேட்பது நாகரிகமில்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

முதலாளிகளை விட்டுவிட்டாயே என்பீர்கள். விடவில்லை. கிளேசர் குடும்பம் 2005-இல் கிளப்பை வாங்கியது. வாங்கக் கடன் எடுத்தது, எடுத்த கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. யுனைடெட்டை யுனைடெட்டின் பணத்திலேயே வாங்கிய அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்த விஷயத்தில் பன்னிரண்டாவது ஆள் செய்த ஒரு காரியத்துக்காக அவருக்கு 2024-25 பருவத்து மார்க்கை ரத்து செய்யக்கூடத் தயார். 2021 மே 2 அன்று, முதலாளிகள் சூப்பர் லீக் என்று ஒரு கூத்துக்குக் கையெழுத்துப் போட்ட கோபத்தில், ரசிகர்கள் காலி மைதானத்துக்குள் புகுந்து புல்லில் இறங்கினார்கள். லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: பார்வையாளர்களுக்குக் கிட்டத்தட்ட அனுமதியே இல்லாத ஒரு பருவத்தில், ரசிகர்கள் நேராக மைதானத்தில் இறங்கிய ஒரே உள்ளூர் நாளில், யுனைடெட் தோற்கவில்லை. பதினோரு நாள் கழித்து அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஆடினார்கள். 4-2, லிவர்பூல்.

நல்ல கூட்டம் இருந்தால் கதையே வேறு என்று சொல்பவர்களுக்கு பேயர்னையே காட்டலாம். 12-ஆம் எண்ணை ரசிகர்களுக்கு எழுதிவைத்த அந்த அணி, 2012 மே 19 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதியைத் தன் சொந்த அலியான்ஸ் அரீனாவில் செல்சியோடு ஆடியது. பேயர்னுக்கு 20 கார்னர். செல்சிக்கு ஒன்று. 83-ஆம் நிமிடத்தில் முல்லர் கோல் போட்டு ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது, 88-இல் அந்த ஒரே கார்னரில் துரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ராபனின் பெனால்டியைச் செக் பிடித்தார். பெனால்டி வரிசையில் பேயர்னின் கடைசி ஆளாக ஷ்வைன்ஸ்டைகர் உதைத்தது கம்பத்தில் பட்டது. பன்னிரண்டு பேராக ஆடி, சொந்த வீட்டில், இருபது கார்னருக்குப் பிறகு தோல்வி. அன்றைக்கும் திட்டு விழுந்தது ராபனுக்கும் ஷ்வைன்ஸ்டைகருக்கும்தான். 12-ஆம் எண் சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நம்மூரிலிருந்து பார்க்கும் எங்களுக்கு இதில் இடமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மான்செஸ்டரில் குளிர்கால இரவு எட்டு மணி ஆட்டம் என்றால் இங்கே நடுநிசி தாண்டி ஒன்றரை. சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்தால் கோல் விழுகிறது, எழுந்து தண்ணீர் குடித்தால் எதிரணி போடுகிறது என்று நம்பி, நாக்கு வறண்டாலும் அசையாமல் கிடக்கும் எங்களைப் பதின்மூன்றாவது ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதே கணக்கில் எங்கள் பங்குக்கும் மெமோ வரும். வரட்டும், பதில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 17 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் ஆர்சனலோடு நடந்தது. இந்திய நேரம் இரவு ஒன்பது. சீசன் டிக்கெட் விலையை இன்னொரு ஐந்து சதவீதம் ஏற்றியிருந்தார்கள், பன்னிரண்டாவது ஆள் முணுமுணுத்துக்கொண்டே புதுப்பித்திருப்பார். எழுபதாவது நிமிடத்தில் டிராம் கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆவலாகத்தான் இருந்தது.