அண்ணாமலை என்று கூப்பிட்டால் யார் வருவார்? ஆர் மொழியில் மாறிகளுக்குப் பெயரிடுதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

திருவண்ணாமலையில் சாமி பெயரும் அண்ணாமலை, மலையின் பெயரும் அண்ணாமலை, பூக்கடைக்காரரை விசாரித்தால் அவரும் அண்ணாமலையாக இருக்கக்கூடும். ஆயினும் அடுக்களையிலிருந்து ஓர் அம்மாள் "டேய் அண்ணாமலை!" என்று குரல் கொடுத்தால் 2,668 அடி மலை அசைவதில்லை, திண்ணையில் ஃபோனை நோண்டிக்கொண்டிருக்கும் பையன்தான் எழுந்து வருகிறான். அவன் இல்லையேல் குரல் தெருவுக்குப் போகும். தெருவிலும் ஆளில்லை என்றால் சாமிக்கே போய்ச் சேரும். புள்ளியியலார் புழங்கும் ஆர் மொழியும் பெயரை இப்படித்தான் தேடுகிறது என்பது இவ்வாய்வின் துணிபு. முதலில் ஃபங்ஷனுக்குள், பிறகு அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தில், கடைசியில் பேக்கேஜுகளில்.

ஆக்லாந்தில் இம்மொழியை உண்டாக்கிய ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றே. மொழியின் பெயரும் அவ்வெழுத்தே. ஓரெழுத்துப் பெயர் வைக்கும் கெட்ட பழக்கத்துக்கு மூலபுருஷர்கள் யாரென்று இதனால் விளங்கும்.

ஓரெழுத்துப் பெயர்களில் பொல்லாதது பெரிய எழுத்து 'டி'. உண்மையைக் குறிக்கும் 'ட்ரூ' காவல் உள்ள சொல். அதில் யாரும் கை வைக்க முடியாது. அதன் சுருக்கமான 'டி'க்கோ காவலே இல்லை. வெப்பநிலைக்கு அப்பெயரைச் சூட்டினால், 'இஃப்' பூஜ்யமல்லாத எண்ணையெல்லாம் உண்மை என்றே கொள்ளும். பூஜ்யம் வந்தால் உண்மை பொய்யாகும். திருவண்ணாமலை வெயிலில் இந்த அபாயம் இல்லை. காஷ்மீரத்துக் குளிர்காலத் தரவை எடுப்போர் எச்சரிக்கையாக இருக்க.

ஆரின் சொந்த ஃபங்ஷனான 'சி'யின் பெயரை மாறிக்குச் சூட்டினாலும் அது தப்பிக்கும். பின்னால் அடைப்புக்குறி போட்டு அழைத்தால் ஆர் ஃபங்ஷனை மட்டுமே தேடும். "அண்ணாமலை, ஆட்டோ வருமா?" என்றால் ஆட்டோக்காரர் மட்டும் திரும்புவது போல என்க. 'டிஎஃப்' அப்படியன்று. அப்பெயரில் தரவு அட்டவணை ஒன்றை உருவாக்க மறந்து, சதுர அடைப்பிட்டு அதைத் தொட்டால், எஃப் பரவலின் அடர்த்தி ஃபங்ஷன் எதிரே வந்து நிற்கும். வரும் பிழைச்செய்தி குளோஷர் (ஃபங்ஷனுக்கு ஆர் வைத்த உட்பெயர்) பற்றிப் பேசும்; புதியவருக்கு அது விளங்காது.

பெயர் ஒன்றானால் எப்போதும் பிழை காட்டுமோ எனின், காட்டாது. அதுவே பெரிய ஆபத்து. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களை ஓர் அட்டவணையில் இட்டு, நெடுவரிசைக்கு 'லிங்கம்' என்று பெயரிடுக. ஃபங்ஷனின் ஆர்கியுமெண்டும் 'லிங்கம்'; மதிப்பு 'குபேர'. வரிசைகளைப் பொறுக்கித் தரும் 'சப்செட்'டுக்குள் லிங்கம் லிங்கத்துக்குச் சமமா என்று கேட்டால், இரண்டையும் ஆர் நெடுவரிசை என்றே கொள்ளும். தன்னைத் தானே ஒப்பிட்டு, எட்டு லிங்கங்களையும் திருப்பித் தரும். புண்ணியம் உண்டு, விடை தவறு.

கிரிவலப் பாதையை வகுத்தவர்கள் இச்சிக்கலை முன்பே தீர்த்துவிட்டனர்: இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய. வெறும் லிங்கம் என்று ஒன்றும் இல்லை. ஆர்கியுமெண்டும் 'தேடும்_லிங்கம்' என்றானால் பிழைக்கும். ஆனால் நாளை எவரேனும் அதே பெயரில் நெடுவரிசை வைத்துக்கொண்டு வந்தால்? பிறர் அட்டவணையில் என்ன பெயர் இருக்கும் என்று ஃபங்ஷன் எழுதுபவர் அறியார். எனவே பெயரை நம்பாமல், நெடுவரிசைப் பெயர் தானாக நுழையாத சதுர அடைப்பை நம்புவதே முறை. ஃபங்ஷன் எழுதும்போது அதையே பயன்படுத்தச் சொல்லி 'சப்செட்'டின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. உதவிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பதால்தான் இவ்வாய்வுக்கு இடம் கிடைத்தது.