இரண்டு மணிக்கு மூடிய கவுண்டர்

1989-இல் நான் பிளஸ் டூ முடித்தபோது எங்கள் நங்கநல்லூர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். அங்கிருந்து கிண்டிப் பொறியியல் கல்லூரிக்குச் சைக்கிளில் போனால் கால் மணி நேரம்தான் ஆகும். பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கிண்டி. ஆனாலும் அந்தக் கல்லூரி எங்களுக்கு வேறு ஊரில்தான் இருந்தது.

கணக்கில் எனக்கு நல்ல மதிப்பெண் வரும். அந்த நாளில் இன்ஜினீயரிங் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1984-இல் வந்த ஏற்பாடு அது. கணக்கு டீச்சர் சொன்னதால் விண்ணப்பம் வாங்கினேன். சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் அப்படி யாரும் கிடையாது. நாலு நாள் அலைந்து, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் வாங்கினோம். கடைசியில் கட்டணத்துக்கு வங்கியில் டிடி, அதாவது டிமாண்ட் டிராஃப்ட், எடுக்க வேண்டும் என்றார்கள். அது என்னவென்று அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கடைசித் தேதிக்கு முதல் நாள் அப்பா அரை நாள் லீவு போட்டு, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு என்னை வங்கிக்கு அழைத்துப் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். பணம் வாங்கும் கவுண்டர் இரண்டு மணிக்கே மூடிவிட்டது. "நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள் சலான் எழுதி, பணம் கட்டி, டிடி கையில் வந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. விண்ணப்பம் வாங்கும் நேரம் முடிந்திருந்தது. அப்பா அந்த டிடியை மடிக்காமல் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

வங்கி செய்தது தப்பில்லை. டிடி எடுக்க ஒரு நாள் முன்னாடியே போகணும் என்று சொல்ல எங்களுக்கு ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான். பிறகு அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணக்கு படித்து, தேர்வு எழுதி, வங்கியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனையோ ஆயிரம் டிடி எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஜூன் மாதம் மகளோடு தயங்கித் தயங்கி வரும் அப்பாவைப் பார்த்தால், மணி இரண்டைத் தாண்டியிருந்தாலும் உட்காரச் சொல்லிவிடுவேன்.

இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், என்.எஸ்.எஸ்ஸில், இருக்கிறாள். அவளும் தோழிகளும் சனிக்கிழமைகளில் மேற்படிப்புக்கு வழிகாட்டப் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு கல்லூரி மாணவிக்கு நாலு பள்ளிப் பிள்ளைகள். விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம் என்று வரும்போது நானும் கூடப் போய் உட்காருவேன்.

நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையோடு போய்விட்டது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. 2022-இல் மாணவர்களுக்கு வழிகாட்டும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று சொல்லும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் அதே ஆண்டு தொடங்கின. ஆனால் இதெல்லாம் தனக்கும் உண்டு என்று ஒரு பிள்ளை நம்ப வேண்டுமே!

ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளியில் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். அம்மா பூ கட்டி விற்கிறவர். கல்லூரி, கோர்ஸ் எதையும் கேட்கவில்லை. என் மகள் பக்கம் குனிந்து மெதுவாக, "அக்கா, ஹாஸ்டல்ல சாப்பாட்டுக்குத் தனியா காசு கட்டணுமா?" என்றாள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் பொறியியல் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். மகள் அதைச் சொன்னாள். அதன் பிறகுதான் அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள். கணக்கு முழுசாக நூறு, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, மொத்தம் இருநூறு என்று கட்-ஆஃப் போடக் கற்றுக்கொண்டாள்.

இன்னொரு நாள் பிள்ளைகளைக் கிண்டி வளாகத்துக்கு அழைத்துப் போனோம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி. அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்; காட்டினார்கள். குடித்துவிட்டு வந்தவள் அதற்கப்புறம் வாசல் பக்கம் பார்க்காமல் உள்ளே நடந்தாள். நானும் பின்னாலேயே நடந்தேன். எனக்கும் அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டினால் மட்டும் போதாது. கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், இரவு ஒன்பது மணிக்கு என் மகளின் போன் அடித்தது. பூக்காரம்மாவின் பெண்தான். பணம் போகவில்லை, திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, அழுகிறாள். "அழாத. பக்கத்தை மூடாத. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள் மகள். தட்டில் தோசை ஆறியது. இருபது நிமிஷம் கழித்து அந்தப் பக்கமிருந்து, "போயிடுச்சுக்கா, ரசீது வந்துடுச்சு" என்று குரல் கேட்டது.

நான் எழுந்து போய் இன்னொரு தோசை ஊற்றினேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பேன்.