இவருக்குப் பதில் இவர்

மெகா சீரியலைக் குறை சொல்பவர்களுக்குப் பொறுமை போதாது. 2003இல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009இல்தான் முடிந்தது. நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவரும் ஆட்சிக்கே ஐந்தாண்டுதான் ஆயுள்.

இப்போது நான் பார்க்கும் தொடரில், மாமியார் திங்கட்கிழமை பாலில் விஷம் கலந்தார். மருமகள் டம்ளரை எடுத்தது புதன்கிழமை. வெள்ளிவரை அது உதட்டை எட்டவில்லை. இடையில் ஆறு பேர் முகத்தை மும்மூன்று முறை காட்டினார்கள். இடி இடித்தது, வீட்டுக்குள்ளேயே. சனிக்கிழமை பூனை தட்டிவிட்டது. அவசரப்படாத கொலைகாரி, ஆறிப்போன பாலையும் மறுக்காத மருமகள்! இந்தப் பண்பாடு வேறெங்கே உண்டு?

தூக்கத்திலும் பட்டுப்புடவை. ஐசியூவிலும் அழியாத லிப்ஸ்டிக். மருத்துவத்துறை கவனிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, நடிகர் மாறும்போது திரையில் போடும் ‘இவருக்குப் பதில் இவர்’ கார்டு. ஒரே வரியில் புதுக் கணவர் வந்துவிடுவார். வக்கீல் இல்லை, ஜீவனாம்சம் இல்லை, பெற்ற பிள்ளைகூட ஏனென்று கேட்பதில்லை.

நேற்று இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மனைவி என்னை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள்.

“உங்களை எப்போ மாத்தினாங்க? கார்டு போடவே இல்லையே!”