சிப்காட்டுக்கு ஒரு கோட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வருஷத்துக்கு இரண்டே பருவங்கள்: வெயில், ஆடிட். வெயிலுக்கு யாரும் சுற்றறிக்கை விடுவதில்லை. ஆடிட்டுக்கு மட்டும் எச்.ஆரிலிருந்து வந்துவிடும்: ‘அனைவரும் ஃபார்மல்ஸில் வரவும்.’ அதை எழுதிய கை ஏ.சி. அறையில் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உடனே எல்லோரும் துணிக்கடைக்கு ஓடுவோம். நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: “கசங்காம இருக்குமா?” கடைக்காரர் பூரிப்போடு சொல்வார்: “அயர்னே பண்ண வேணாம் சார்!” அப்படியென்றால் அது முக்கால்வாசி பாலியெஸ்டர். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. தொடாத வியர்வை எங்கே போகும்? சென்ட்ரலில் ஏறும்போது ஃபார்மலாக இருந்தவர், மீஞ்சூரில் நனைந்து, பொன்னேரியில் ஊறி, கவரைப்பேட்டை தாண்டியதும் சட்டையைத் தோலிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டிருப்பார்.

சரி, லினன்? அருமையான துணி, உட்காராதவரை. லோக்கல் ரயிலில் இடம் கிடைத்தால் நாமே கசக்கிவிடுவோம். கிடைக்காவிட்டால் மற்றவர்கள் கசக்கித் தருவார்கள்.

கோட்டு இருந்தே தீர வேண்டும் என்று வந்துவிட்டால் எங்களில் பலருக்கு ஒரே வழி, கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது. ஒரு ஆடிட்டின்போது கான்ஃபரன்ஸ் ஹாலில் ஜரிகை, மெரூன் வெல்வெட், காலரில் கல் பதித்தது என்று வரிசையாக நின்றோம். வந்தவர் மாப்பிள்ளை யார் என்று தேடியிருப்பார்.

பஜாரில் எங்கள் டெய்லர் அண்ணன் எந்த லேபிளையும் நம்ப மாட்டார். “ஹண்ட்ரட் பர்சென்ட் காட்டன்ண்ணே” என்று பேண்ட் பிட்டை நீட்டினேன். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்தார். காட்டனாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். இந்த நூலோ சுருண்டு, கறுத்து, கடுகளவு மணியாக இறுகிவிட்டது. அதை மேஜைமேல் போட்டு நகத்தால் தட்டினார். “கேட்டுச்சா தம்பி? காட்டன் சத்தமா இது? தண்ணி பாட்டிலுக்குப் பங்காளி!”

உண்மைதான், இரண்டும் ஒரே பொருள். அதனால்தான் உருக்காலைகளில் சேஃப்டி ஆபீசர் பாலியெஸ்டர் கூடாது என்பார். தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கசங்கவே கூடாது என்பார் எச்.ஆர். இரண்டு உத்தரவையும் ஒரே சட்டையில் தைக்கச் சொன்னால் டெய்லர் என்ன செய்வார், பாவம்!

இத்தனைக்கும் நாம் துணிக்குப் பஞ்சமான ஊர்க்காரர்கள் இல்லை. இதே மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது இந்தக் கரையின் துணி வியாபாரத்துக்காகத்தான். இங்கே வாங்கிய துணியைக் கீழைத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருட்களை வாங்கினார்கள். 1958ல், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர், கட்டம் போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் உடுப்புத் தைத்து விற்றது. துவைத்தால் சாயம் போயிற்று. நம்மூராக இருந்தால் பில்லோடு போய்க் கடை வாசலில் நிற்போம். அங்கே ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்றே விளம்பரம் செய்தார்கள். சாயம் போகப் போக மவுசு கூடியது.

அங்கே அந்தக் கட்டம் பிளேசர். இங்கே அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு போனால், கேட்டில் செக்யூரிட்டி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன சார், லுங்கியைக் கிழிச்சுத் தைச்சுட்டீங்களா?” என்பார். ஃபார்மல் என்பது துணியில் இல்லை. யார் போட்டிருக்கிறார் என்பதில் இருக்கிறது.

ஆகவே, வெளிர் நிறத்தில் காட்டன், அல்லது காட்டன் கூடுதலாகக் கலந்தது எடுங்கள். கோட்டு தவிர்க்க முடியாதென்றால் லைனிங் பாதி முதுகோடு நிற்கட்டும். கட்டம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு ஆடிட்டர் அதைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கட்டும். அன்று சாயங்காலமே பஜாரில் அது மீட்டருக்கு இருநூறு ரூபாய் ஏறியிருக்கும்.