காத்திருப்பியல்: சித்தூர்–திருப்பதி வட்டாரக் கருவிப்பித்தர்கள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கருவிப்பித்தர் எனப்படுபவர், போனையும் இயர்பட்ஸையும் ஸ்மார்ட் வாட்சையும் தேவை பார்த்து வாங்காமல் ஸ்பெசிஃபிகேஷன் பார்த்து வாங்குபவர். பொருள் பழுதான பிறகும் அது வந்த அட்டைப்பெட்டியைப் பரணில் காப்பவர். வீட்டில் இவருக்கு வழங்கும் பட்டம் ‘போன் தெரிஞ்ச பையன்’. வயது நாற்பத்தைந்தைத் தாண்டினாலும் இந்தப் பதவியில் அவர் பையன்தான்.

ஆய்வெல்லை சித்தூரும் திருப்பதியும். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. பித்து பிரியவில்லை என்பதால் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறோம்.

கருவிப்பித்தரின் தொழில் கருவிகளைப் பயன்படுத்துவது என்று ஊர் நம்புகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவர் தொழில் காத்திருப்பது. பார்சலுக்கு, சார்ஜுக்கு, அப்டேட்டுக்கு, சிக்னலுக்கு, ஓ.டி.பி.க்கு. காத்திருப்பதைப் பல தலைமுறைகளாகப் பயின்ற ஊர் திருப்பதி. ஆகவே தேர்ந்த கருவிப்பித்தர் இங்குதான் உருவாக முடியும் என்பதே நமது கருதுகோள்.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மூலவர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய இந்த டென்மார்க் கணிதர், அழைப்புகள் எந்த ஒழுங்கில் வந்து சேர்கின்றன என்று 1909-இல் கணக்கிட்டார். வரிசைக் கோட்பாடு அங்கே பிறந்தது. 1961-இல் ஜான் லிட்டில் ஒரு விதியை நிறுவினார்: வரிசையில் நிற்போர் எண்ணிக்கை என்பது, வருகை வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. திருமலைக்கு நாளொன்றுக்கு 70,000 பேர் வந்து ஒவ்வொருவரும் 12 மணி நேரம் காத்திருப்பதாக வைத்துக்கொண்டால், எந்நேரமும் வரிசையில் 35,000 பேர். லிட்டில் மலையேறிப் பார்க்காமலே இதைச் சொல்லிவிட்டார்.

மூன்றாமவர் பிராட் மையர்ஸ். எவ்வளவு வேலை முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் ஓடினால் மனிதர்கள் அமைதியாகக் காத்திருப்பார்கள் என்று 1985-இல் எழுதினார். திருமலையின் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் பக்தர்களை அறை அறையாக அடைத்து, ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடும் ஏற்பாடு இதே தத்துவம்தான். ‘முன்னறையைத் திறந்துட்டாங்க’ என்ற செய்தி கிடைத்தால் போதும், ஒரு அறை முழுக்க எழுந்து நின்றுவிடும். இந்த ஒற்றுமையை முன்னோர் மூவரும் கவனிக்கத் தவறினர். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

3. காத்திருப்பின் வகைகள்

(அ) பார்சல் காத்திருப்பு. இவ்வட்டாரத்தில் போன் அயல் சரக்கு அல்ல. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலை 2015-லேயே ஷாவ்மி போன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. புத்தூர்க்காரர் காலை பஸ் பிடித்தால் ஆலை வாசலைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். பித்தர் போகமாட்டார். பார்சல் இப்போது எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று ஆப்பில் பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று பார்த்த கிடங்கிலேயே இன்றும் இருந்தால், ஆப்பை மூடித் திறந்து மறுபடி பார்ப்பார்.

(ஆ) சார்ஜ் காத்திருப்பு. லித்தியம் அயான் பேட்டரியில் முதலில் மின்னோட்டம் முழுவீச்சில் பாயும். ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டியதும் மின்னழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். இல்லாவிட்டால் பேட்டரி கெடும். எனவே கடைசிப் பகுதி நகரவே நகராது. கடைசி அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சார்ஜர் வயரின் கழுத்து ஒடிந்தால் பித்தர் புதிது வாங்காமல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுவார். எலும்பு முறிவு வைத்தியத்துக்குப் பெயர்போன புத்தூர் பக்கத்தில் இருப்பதால், வீட்டார் அதற்குப் ‘புத்தூர்க் கட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டு அசையாதபடி போனைத் தலையணைமேல் ஒரு தினுசாகச் சாய்த்து வைப்பதில் பித்தருக்கு நிகர் எவருமில்லை.

(இ) அப்டேட் காத்திருப்பு. வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. ‘நல்லாத்தானே இருக்குது, அதை எதுக்கு நோண்டுறே?’ என்பது ஒன்று. நள்ளிரவில் எழுந்து புதுப் பதிப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டாம் கட்சிக்கு வரலாற்றுச் சான்று ஒன்றுண்டு. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று திரையில் தோன்றினாலே ஐபோன் ஆப்கள் நிலைகுலைந்து விழுந்தன. அம்மாத 19-ஆம் தேதி ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 11.2.6-ஐ வெளியிட்டுச் சரிசெய்தது. பாதி உறவு தமிழிலும் பாதி உறவு தெலுங்கிலும் குட்மார்னிங் அனுப்பும் வட்டாரத்தில் இது சாதாரண விஷயமா? யூனிகோடு அட்டவணையில் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கப்பட்டு, அது முடிந்த இடத்திலேயே தெலுங்குக்கு 128 இடம் தொடங்குகிறது. திருத்தணி 1960-இல் சென்னை மாநிலத்துக்குக் கைமாறும்வரை இழுபறியாயிருந்த எல்லை, இந்த அட்டவணையில் ஒரே கோட்டில் தீர்ந்துவிட்டது. ஒரு பக்கத்தில் சிக்கலென்றால் அடுத்த பக்கத்துக்காரரும் அப்டேட் போடத்தான் வேண்டும்.

இன்று இந்தக் காத்திருப்பு அருகி வருவது பித்தர்களுக்குக் கவலை தருகிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், இரட்டைப் பிரிவு வைத்த போன்களில் ஒன்று ஓடிக்கொண்டிருக்க, மற்றொன்றில் புதுப் பதிப்பு சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது. ஒரு ரீஸ்டார்ட்டோடு கதை முடிகிறது.

(ஈ) சிக்னல் காத்திருப்பு. சித்தூர்–திருப்பதி சாலைக்குப் பக்கத்தில் காதங்கி இருக்கிறது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் 1,024 ஆன்டெனாக்களைப் பரப்பிவைத்து, பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளக்கிறது. அதே மலைகளின் மறைவில் ஒருவர் மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கோட்டுக்காக நடந்துகொண்டிருப்பார். வேலூர் சாலையில் நரஹரிப்பேட்டை பக்கம் போனால் தமிழ்நாட்டு டவர் வந்து ஒட்டிக்கொள்ளும். ரோமிங்குக்குக் காசு பிடித்த காலத்தில், நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டிவைக்கும் வித்தையை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர் பித்தரே. ரோமிங் கட்டணம் ஒழிந்தபோது அவருடைய செல்வாக்கும் சற்றே சரிந்தது.

4. களச்சோதனை: காலை பத்து மணி

சரிந்த செல்வாக்கை நிமிர்த்தும் நாள் மாதம் ஒருமுறை வருகிறது. திருமலையின் 300 ரூபாய்ச் சிறப்பு தரிசன டிக்கெட்டுகள் சில மாதங்களுக்கு முன்கூட்டியே, காலை 10 மணிக்கு இணையத்தில் திறக்கப்படுகின்றன. வேலூரிலிருந்து சின்னம்மா, சென்னையிலிருந்து மச்சான், பெங்களூரிலிருந்து பெரியப்பா மகள் என்று எல்லோருடைய ஆதார் எண்ணும் முந்தின இரவே பித்தரின் வாட்ஸப்பில் வந்து குவிந்துவிடும். ‘நைனா, வெள்ளிக்கிழமையா பார்த்துப் போடு’ என்பது கூடவே வரும் வாய்ஸ் மெசேஜ்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு லேப்டாப், ஒரு டேப்லட், இரண்டு போன்கள் மேசைக்கு வரும். வைஃபை காலை வாரினால் இருக்கட்டும் என்று ஹாட்ஸ்பாட் தயார். வீட்டில் மிக்சி போடத் தடை. பத்தானதும் நான்கு திரைகளும் மெய்நிகர் வரிசையில் நிற்கும்.

இவ்விடத்தில் லிட்டிலின் விதி பழிவாங்குகிறது. ஒரு குடும்பத்துக்காக நான்கு இடத்தில் நின்றால் வருகை வேகம் நான்கு மடங்கு. ஊரில் உள்ள பித்தர்கள் எல்லோரும் அப்படியே செய்வதால் வரிசையும் நான்கு மடங்கு. யாருக்கும் லாபமில்லை, ஒருவர் மட்டும் ஒற்றைத் திரையோடு நின்றால் அவருக்கு நஷ்டம். ஆகவே அடுத்த மாதம் ஐந்தாவது திரை சேரும்.

கடைசியில் பக்கம் திறந்து, பெயரும் வயதும் ஏறி, பணம் கட்டும் கட்டம் வரும். ஓ.டி.பி. அப்பாவின் எண்ணுக்குப் போகும். அப்பா பால் வாங்கப் போயிருப்பார். போன் அவர் சட்டைப்பையில் இருக்கும். சட்டை அவரோடு போயிருக்கும். இதுவரை பித்தர் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தார். இப்போது டிக்கெட் பித்தருக்காகக் காத்திருக்கிறது, அதுவும் சில நிமிடங்கள்தான். தெருமுனைவரை செருப்பில்லாமல் ஓடும் நடுத்தர வயதுக்காரர் யாரையேனும் அந்நேரத்தில் கண்டால், வழி விடுக.

5. மறுப்பும் விடையும்

கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை, வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். கருவியைப் பறிகொடுத்தவர் எப்படிக் கருவிப்பித்தர் ஆவார் என்று கேட்கலாம். நம் கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. போன் இல்லாத பித்தர் க்யூ அறையில் பதறுவதில்லை. பழகிய வேலையைப் பழகிய பொறுமையோடு செய்கிறார். கூடவே எந்த அறை எப்போது திறக்கும் என்று மற்றவர்களுக்கு ஆரூடம் சொல்கிறார். வாட்ச் இல்லாத வெறும் கையில் மணி பார்ப்பது மட்டும் சில காலம் நீடிக்கும்.

சன்னிதிக்கு முன்னால் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்று நகர்த்திவிடுவார்கள். வெளியே வந்தவர்கள் மறுபடி எப்போது வரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த போனைப் பிரித்துப் பிளாஸ்டிக் உரையை உரிக்கும் சுகமும் அதே சில நொடிகள்தான். அந்தச் சுகம் அடங்குமுன் பித்தர் அடுத்த மாடலின் வெளியீட்டுத் தேதியைத் தேடத் தொடங்கிவிடுகிறார். இதனை ‘ஜருகண்டி விதி’ எனப் பெயரிடுகிறோம்: கிடைப்பது எவ்வளவு சிறிதாயினும், காத்திருந்தவருக்கு அது குறைவாகத் தோன்றுவதில்லை.

6. பரிந்துரைகள்

ஒன்று: பார்சல் வரும்வரை பித்தரிடம் வேறு வேலை சொல்லக்கூடாது, அவர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்.

இரண்டு: டிக்கெட் திறக்கும் நாளில் வீட்டுப் பெரியவர்கள் பத்தேகால்வரை பால் வாங்கப் போகலாகாது.

மூன்று: இந்தச் சேவைக்கு ஊதியம் நிர்ணயிக்க வேண்டும். தரிசனம் முடித்தவருக்கு ஒரு லட்டு இலவசம். கூடுதல் லட்டு 50 ரூபாய். தரிசனத்துக்குப் போய்வந்தவர் ஒவ்வொருவரும் அந்த 50 ரூபாயைச் செலவழித்து ஒன்றைப் பித்தருக்குக் கொண்டுவந்து கொடுப்பது முறை. அடுத்த தடவை கண்டிப்பாக வாங்கிவருகிறேன் என்று சொல்லிச் சமாளிப்பவர்களும் இருப்பார்கள். அதையும் ஒத்துக்கொள்வார், காத்திருப்பது அவருக்குத் தெரியாததா?