நாரிப் பிடிப்பும் பாலைவனமும்

முற்றத்தில் கணுக்காலளவு மழைத்தண்ணீர் நின்ற ஒரு பின்னேரம், கால் இரண்டையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு பாலைவனம் போகத் திட்டம் போட்டேன். தெற்கே களனி கங்கை, மேற்கே ஹமில்டன் கால்வாய், வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு. வத்தளைக்காரன் காய்ந்த மணலுக்கு ஆசைப்படாமல் வேறு யார் ஆசைப்படுவது?

துபாயில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் எல்லாம் விளக்கினான். பின்னேரம் மூன்று மணி போல லாண்ட் குரூசர் வாசலுக்கே வருமாம். லஹ்பாபில் மணல் செக்கச் சிவப்பாம். மணலில் இறங்க முன்னம் டயர்க் காற்றைப் பாதியளவு திறந்து விடுவார்களாம். டயர் அகலித்து, புதையாமல் ஓடுமாம். பிறகு மேடேறிச் சரிந்து ஒரே குலுக்கல். அது முடிய ஒட்டகம், மருதோன்றி, சுட்ட இறைச்சி, இடுப்பாட்டம். கடைசியைக் கொப்பியில் எழுதவில்லை. மனிசி கொப்பி பார்ப்பவள்.

ஆளுக்கு 150 திர்ஹம், நாலு பேருக்கு 600. திர்ஹத்துக்கு 80 ரூபா போட்டால் 48,000. விமான டிக்கெட், விசா என்று எழுதி எதிரே வெறுமையாக விட்டேன். கூட்டினால் திட்டம் அன்றைக்கே செத்துவிடும்.

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி: இதய நோய், முதுகு வலி, கர்ப்பம் ஏதும் உண்டா? கர்ப்பம் இல்லையென்று தைரியமாக எழுதினேன். மனிசி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நீர்கொழும்பு ரோட்டில பஸ் பிரேக் போட்டதுக்கு மூண்டு நாள் நாரி பிடிச்சுக் கிடந்தது ஆர்? கண்டிக்குப் போகேக்க கடுகண்ணாவையில சத்தி எடுத்தது ஆர்?"

"அது மலை வளைவு. இது மணல்."

"மணல்தான் வேணுமெண்டா உங்கட அம்மாவின்ர ஊரில கிடக்குதே!"

மணற்காடு! பருத்தித்துறைக்குத் தெற்கே, கடலோரமாக மணற்கும்பிகள், அவற்றுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயில் சுவர்கள், பக்கத்தில் சவுக்கங்காடு. அந்தக் கும்பிகளில் சறுக்கி, காற்சட்டை நிறைய மணலோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பூவரசங்கம்பால் வாங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கந்தோரில் 'சஃபாரி' என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனிசி யாழ்ப்பாண பஸ்ஸில் நாலு சீட் போட்டுவிட்டாள். எனக்கு முன் சீட். சேர்ட் பொக்கற்றில் சித்தாலேப, மடியில் இரண்டு சொப்பிங் பை.